வண்டியில் ஒன்றுமில்லை என்றேன்

தண்டபாணி திருடவில்லை.

ஒரு சொட்டுப் பெட்ரோலைக்கூட அவர் எடுக்கவில்லை. இது எனக்குத் தெரியும். அவரைத் திருடன் என்று ஊர் பேசத் தொடங்கிய முதல் நாளிலிருந்தே தெரியும்! தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவன் நான். மூடிக்கொண்டிருந்தேன் என்று சொல்வதும் தப்பு... வாயைத் திறந்து பொய் சொன்னேன்.

ஏன் என்று கேட்கிறீர்களா? பொறாமை. அதற்கு வேறு அழகான பெயர் எதையும் வைக்க நான் விரும்பவில்லை. வயிற்றெரிச்சல் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

தண்டபாணி என் மனைவி வசந்தியின் அண்ணன். எனக்கு மச்சான். நான் பெருமாள்மலையில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். மலையேறுகிற வண்டிகள் மூச்சு வாங்கி நிற்கிற இடம் என்பதால் பிழைப்பு ஓடுகிறது. அவர் மேலே கொடைக்கானல் டவுனில், ஓய்வு பெற்ற ஒரு டீச்சரம்மாவிடம் டிரைவர். டீச்சரம்மாவுக்கு மன்னவனூரில் கேரட் தோட்டம் உண்டு. இருபது வயது தாண்டிய ஒரு வெள்ளைக் கார் உண்டு. வாரத்தில் மூன்று நாள் அந்தக் கார் தோட்டத்துக்குப் போய் வரும். பன்னிரண்டு வருடம் அதை ஓட்டியவர் என் மச்சான். அதற்கு வைத்தியம் பார்த்தவன் நான்.

வசந்தியின் பத்து வயதில் அவளுடைய அப்பா போய்விட்டார். பழனியில் பக்தர்களை ஏற்றிக்கொண்டு வேன் ஓட்டி, தங்கையைப் படிக்கவைத்து, எனக்குக் கட்டிக்கொடுத்தவர் தண்டபாணி. தனக்கென்று ஒரு கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை. இப்படிப்பட்ட மனிதரை யாராவது வெறுப்பார்களா? நான் வெறுத்தேன்!

என் வீட்டில் எந்தப் பேச்சு எடுத்தாலும் கடைசியில் அவரிடம்தான் போய் நிற்கும். பெண்ணை எந்தப் பள்ளியில் சேர்ப்பது? "அண்ணங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்குவோம்." கூரைக்கு ஓடா, தகரமா? "அண்ணே தகரம்னுச்சு." நான் முந்தின நாள் அதே தகரத்தைத்தான் சொல்லியிருப்பேன். அப்போது காதில் விழாது. அண்ணன் வாயால் வந்தால்தான் அது யோசனை, என் வாயால் வந்தால் வெறும் சத்தம்.

அவருக்கு வாயும் கொஞ்சம் நீளம். மச்சானும் மாப்பிள்ளையும் கேலி பேசிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம்தானே என்பீர்கள். வழக்கம்தான். ஆனால் டீக்கடையில் பத்துப் பேர் நடுவில், "எங்க மாப்ள கைவச்ச வண்டி நேரா பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும்!" என்று அவர் சொல்லும்போது, சிரிக்கிற பத்துப் பேரில் என் பெண் கார்த்திகாவும் இருந்தால்...? நானும் சேர்ந்து சிரிப்பேன். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது.

கார்த்திகா... அங்கேதான் என் நோவு எல்லாம். ஒற்றைப் பெண். காய்ச்சல் வந்தாலும் மாமா, மார்க் வந்தாலும் மாமா. அவருடைய காரின் ஹாரன் சத்தம் வளைவுக்கு அந்தப் பக்கம் கேட்டாலே தெருவுக்கு ஓடிவிடுவாள். நான் வீட்டுக்குள் வந்தால் தலையைக்கூடத் தூக்கமாட்டாள். பெற்றவன் நானா, அவரா? இப்படியெல்லாம் ஒருவன் நினைப்பானா என்று முகம் சுளிக்கிறீர்கள். நினைத்தேன் ஐயா! ராப்பகலாக நினைத்தேன்.

இனி வண்டிக்கு வருகிறேன். உங்களுக்குக் கார் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, புரியும்படிச் சொல்கிறேன்.

ஒரு மே மாதம். டீச்சரம்மாவை மதுரையில் ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிப்போய்விட்டுத் திரும்புகிற வழியில், டம்டம் பாறைக்கு மேலே கார் கொதித்து நின்றுவிட்டது. மச்சான் தண்ணீர் ஊற்றி ஊற்றி எப்படியோ என் பட்டறைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். சீசன் நேரம், ஏற்கெனவே ஏழெட்டு வண்டிகள் வரிசையில் நின்றன. டீச்சரம்மா நாற்காலியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் ஒரு சின்ன வால்வு இருக்கும். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் போகவிடாமல் அடைத்து வைப்பதும், சூடானதும் திறந்துவிடுவதும் அதன் வேலை. அந்தக் காரில் அது திறக்காமல் ஒட்டிக்கொண்டுவிட்டது. புதியது வாங்கத் திண்டுக்கல்லுக்குத்தான் ஆள் அனுப்ப வேண்டும். மலைப்பாதைப் பட்டறைக்காரர்கள் இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வோம் தெரியுமா? வால்வைப் பிடுங்கி எறிந்துவிட்டு மூடியை மாட்டிவிடுவோம். அதற்கப்புறம் வண்டி கொதிக்கவே கொதிக்காது. வண்டிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார். எங்களுக்கும் பெருமை.

நானும் பிடுங்கி எறிந்தேன். புதிது வந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மச்சான் அந்த நேரம் டீ வாங்கப் போயிருந்தார். அவரிடம் சொல்லவில்லை... மறந்துபோனேன். இதுவரைக்கும் நடந்தது பொறாமை இல்லை, வெறும் சோம்பேறித்தனம். அதற்காக என்னை யாரும் தூக்கில் போடமாட்டார்கள்.

ஆனால் அந்த வால்வு இல்லாத இஞ்சினுக்குள் எந்நேரமும் பச்சைத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். கீழே வத்தலக்குண்டில் ஓடுகிற வண்டிக்கு அது பெரிதாகத் தெரியாது. மன்னவனூர்க் குளிரில், மழையும் மூடுபனியும் இறங்கிய மாதங்களில், இஞ்சினுக்குச் சூடே ஏறாது. சூடு ஏறாத இஞ்சின் பெட்ரோலைக் கூட்டிக் கூட்டிக் குடிக்கும். லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் கொடுத்த கார் எட்டுக்கு இறங்கிவிட்டது.

மழைக்காலத்தில் ஒரு நாள் மச்சானே வந்து சொன்னார்.

"மாப்ள, சூடு காட்டுற முள்ளு அடியிலயே கெடக்கு. மேல ஏறவே மாட்டேங்குது. வெரசா ஒரு பார்வ பாருங்களேன்."

அந்த நொடியில் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. ஒரு மணி நேர வேலை! வால்வைப் போட்டு மூடினால் முடிந்தது. வாயைத் திறக்கவும் போனேன். அதற்குள் பக்கத்தில் நின்ற லாரிக்காரரைப் பார்த்து அவர் கண்ணைச் சிமிட்டினார்.

"மாப்ளைக்கு இந்த முள்ளு சோலியெல்லாம் ஓடாது. ஸ்பேனரத் தேடவே அவருக்கு அரை நாளாகும்!"

லாரிக்காரர் சிரித்தார். நான் குனிந்து பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, "மீட்டர் ஒயரு போயிருச்சு மச்சான். முள்ளு ஏறாம இருந்தா நல்லதுதான, வண்டி கொதிக்கலேன்னு அர்த்தம்" என்றேன். நம்பிவிட்டார். கேலி பேசுவாரே தவிர, என் வேலையை அவர் ஒருபோதும் சந்தேகப்பட்டதில்லை. இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்கடுத்த மாதம் கார்த்திகாவின் பள்ளியில் ஆண்டு விழா. அவளுக்கு ஒரு பரிசு. மேடைக்கு வீட்டுப் பெரியவர் ஒருவரும் கூட வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நான் புதுச் சட்டை எடுத்து வைத்திருந்தேன். முதல் நாள் சாயங்காலம், நான் பின்புறம் கை கழுவிக்கொண்டிருப்பது தெரியாமல், அவள் அம்மாவிடம் சொல்வது கேட்டது.

"மாமா வரட்டும்மா. அப்பா நெகத்துல எல்லாம் கிரீஸா இருக்கும்... ஃப்ரெண்ட்ஸ் பாப்பாங்க."

வசந்தி அவளை அதட்டவில்லை. "சரி, அப்பாகிட்ட நான் பக்குவமா சொல்லிக்கிறேன்" என்றாள்.

நான் அந்த நகங்களைப் பழைய பிரஷ் எடுத்து, சோப்புத் தூள் போட்டு, ரத்தம் கசியும்வரை தேய்த்தேன். கிரீஸ் போகவில்லை. மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மச்சான் மேடை ஏறினார். அந்த போட்டோ இன்றும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

விழா முடிந்து நான்காம் நாள் டீச்சரம்மா என் பட்டறைக்கு வந்தார். தண்டபாணி இல்லாமல், பக்கத்து வீட்டுப் பையன் காரை ஓட்டிவர.

அந்தம்மா கெட்டவர் இல்லை. பெட்ரோல் போடும்போதெல்லாம் கிலோமீட்டரைக் குறித்து வைக்கிற பழக்கம் உள்ளவர், அவ்வளவுதான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மைலேஜ் ரொம்ப ட்ராப் ஆயிடுச்சு. மூணு மாசமா பாத்துட்டேன். மன்னவனூர்ல வண்டி பாதி நாள் சும்மா நிக்குது, தண்டபாணி மட்டும்தான் கூட இருக்கார். அங்க டூவீலர்காரங்களுக்கு லூஸ்ல பெட்ரோல் விக்கிறாங்கன்னும் காதுல விழுது. வண்டியில ஃபால்ட்டா, ஆள்மேல ஃபால்ட்டா? நீங்களே பாத்துச் சொல்லுங்க."

நான் கையைத் துணியில் துடைத்துக்கொண்டேன்.

"வேற மெக்கானிக்கிட்ட போயிருப்பேன். ஆனா நீங்க அவரோட தங்கச்சி வீட்டுக்காரர். அவரைக் காப்பாத்தத்தான் பாப்பீங்க. அப்படிப்பட்ட நீங்களே வண்டியில ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டா... எனக்கு வேற ப்ரூஃப் வேண்டாம்."

பாருங்கள்! என் உறவை நம்பித்தான் அவர் என்னிடம் வந்தார்.

இரண்டு நாள் கார் என்னிடம் நின்றது. நான் எதையும் விடவில்லை. பிளக்கைக் கழற்றினேன். நான்கும் கரி படிந்து கறுத்திருந்தன, இஞ்சின்தான் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கிறது என்பதற்கு அதுவே போதும் சாட்சி! துடைத்து மாட்டிவிட்டேன். ஏர் ஃபில்டரைத் தட்டிப் பார்த்தேன். ஜாக்கி வைத்துத் தூக்கி, பிரேக் எங்காவது பிடிக்கிறதா என்று ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றிவிட்டேன். டயரில் காற்றை அளந்தேன். பெட்ரோல் குழாயை மோந்து மோந்து கசிவு தேடினேன். எல்லாம் சுத்தம். எதற்காக இத்தனையும் செய்தேன்? கோளாறு எங்கே என்று தெரிந்த ஒருவன், அந்த ஓர் இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லா இடத்திலும் தேடினேன்... நேர்மையாகத் தேடியவன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டுமே!

வால்வு இருந்த இடத்தின் மூடி கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. தண்ணீர் கசியாமலிருக்க ஓரத்தில் நான் தடவிய பேஸ்ட் காய்ந்து போயிருந்தது. கை இரண்டு முறை அதன்மேல் போயிற்று. இரண்டு முறையும் இழுத்துக்கொண்டேன்.

என் தப்பு வெளியில் தெரிந்துவிடும் என்ற பயமா? அப்படிச் சொன்னால் நீங்கள் கொஞ்சம் இரக்கப்படலாம். ஆனால் அது உண்மை இல்லை. வால்வை நைசாகப் போட்டுவிட்டு, "சின்னக் கோளாறும்மா, சரி பண்ணிட்டேன்" என்றிருந்தால் எனக்கும் கெட்ட பெயர் இல்லை, அவருக்கும் இல்லை. அந்த வழி திறந்தே கிடந்தது. மேடையில் நின்ற அந்த வெள்ளைச் சட்டையை நான் நினைத்தேன். ஒரே ஒரு தடவை இந்த ஆள் தலைகுனிந்து நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதுதான் நிஜம்!

டீச்சரம்மாவிடம் சொன்னேன்: "எல்லாம் பாத்துட்டேம்மா. வண்டியில ஒண்ணுமில்லீங்க."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். மச்சானைக் காட்டிக்கொடுக்க நேர்ந்ததே என்று நான் வருந்துவதாக அந்தம்மா நினைத்துக்கொண்டார். "உங்க கஷ்டம் புரியுது" என்றார்.

அன்றைக்கே டீச்சரம்மா மச்சானிடம் சாவியைக் கேட்டுவிட்டார். போலீஸ் கீலீஸ் என்று எதுவும் இல்லை. "நீங்களா நின்னுக்கோங்க" என்றாராம். மச்சான் சண்டை போடவில்லை. தான் எடுக்கவில்லை என்று இரண்டு முறை சொன்னாராம், சாவியை மேசைமேல் வைத்துவிட்டு நடந்தே பெருமாள்மலைக்கு இறங்கி வந்துவிட்டார். நேராக என் பட்டறைக்குத்தான் வந்தார்.

"நீங்க எனக்காக ரெண்டு நாளு கெடந்து தேடியிருக்கீங்க மாப்ள. டீச்சரம்மா சொன்னாக. ஒண்ணும் அகப்படலேன்னா நீங்க என்ன செய்வீங்க, பாவம்" என்றார்.

என்னைப் பாவம் என்றார்!

இத்தோடு நிறுத்தியிருந்தால்கூட ஒருநாள் உண்மை தானாக வெளியே வந்திருக்கும். யார் ஓட்டினாலும் கார் எட்டுதானே கொடுக்கும்? எனக்கு அது உறைத்தது. புது டிரைவர் வருவதற்கு முன்னால் ஒரு சர்வீஸ் செய்துவிடச் சொல்லி டீச்சரம்மா காரை அனுப்பினார். திண்டுக்கல்லிலிருந்து வால்வை வரவழைத்தேன். போட்டேன். மூடினேன்.

புரிகிறதா நான் செய்தது? ஆள் மாறியதும் மைலேஜ் பன்னிரண்டுக்குத் திரும்பிவிட்டது! அதுவரை டீச்சரம்மா வீட்டுக்குள் இருந்த சந்தேகம், அந்த ஒரு வேலையால் ஊருக்கே தீர்ப்பாகிவிட்டது. "டிரைவர மாத்துன ஒடனே பாத்தியா!" என்று டீக்கடையில் பேசினார்கள். முதல் பொய்யைப் பொறாமை சொல்லவைத்தது என்றால், இதை நிதானமாக, கணக்காகச் செய்தேன். இரண்டில் எது பெரிய பாவம் என்று நீங்களே சொல்லுங்கள்... எனக்குத் தெரியவில்லை.

அதற்கப்புறம் இந்த மலையில் அவரை நம்பி யாரும் ஸ்டியரிங்கைக் கொடுக்கவில்லை. இப்போது பெருமாள்மலையில் லாரிகளுக்குக் கேரட் மூட்டை ஏற்றுகிறார். ஐம்பத்து மூன்று வயதில்.

என் வீட்டில் எல்லாம் நான் ஆசைப்பட்டபடியே ஆகிவிட்டது. வசந்தி பத்து நாள் அழுதாள், பிறகு அண்ணன் பேச்சை எடுப்பதையே விட்டுவிட்டாள். "நீங்க ஒருத்தர் நேர்மையா இருந்ததாலதான் நாம தல நிமிந்து நடக்குறோம்" என்று ஒருநாள் சொன்னாள். இந்த வார்த்தைக்காகத்தானே பதினைந்து வருடம் காத்துக் கிடந்தேன்! எப்படி இருந்தது என்கிறீர்களா? சோறு மட்டும்தான் இறங்கியது.

கார்த்திகாவைப் பள்ளியில் "பெட்ரோல் மாமா" என்று கிண்டல் செய்தார்களாம். ஹாரன் சத்தத்துக்கு ஓடிய பிள்ளை, மூட்டை தூக்குகிற இடத்தைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாக வீட்டுக்கு வர ஆரம்பித்தாள்.

போன வைகாசியில் அவள் பெரிய மனுஷியானாள். உங்களுக்கே தெரியும், அன்றைக்குப் பெற்றவனைவிடத் தாய்மாமனுக்குத்தான் முதல் இடம். குடிசை கட்ட ஓலை கொண்டுவருவது அவர். சீர் வைப்பது அவர். முதல் மாலை அவர் கையால். வசந்தி என்னைக் கேட்டாள்: "அண்ணன என்ன செய்றது?" கார்த்திகாதான் உள்ளேயிருந்து சொன்னாள்.

"மாமா வேணாம்மா. எல்லாரும் பேசுவாங்க."

கேட்டதும் எனக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது. கண்சிமிட்டும் நேரம்தான். ஆனாலும் எழுந்தது! அதை மறைத்துவிட்டு மற்றதையெல்லாம் உங்களிடம் ஒப்புக்கொண்டு என்ன பிரயோஜனம்? சொல்லிவிட்டேன்.

வசந்தியின் சித்தப்பா மகன் ஒருவர் பழனியிலிருந்து வந்து மாமன் இடத்தில் நின்றார். தண்டபாணி வரவில்லை. ஒரு பட்டுப் பாவாடையையும் பழத்தட்டையும் பூக்காரம்மாவிடம் கொடுத்தனுப்பியிருந்தார். யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்.

மறுநாள் வெள்ளனே, நான் பட்டறையைத் திறந்துகொண்டிருக்கையில் அவரே வந்தார். தோளில் மூட்டைத் துண்டு.

"புள்ளைக்கு நல்லபடியா முடிஞ்சிச்சா மாப்ள?"

"முடிஞ்சது மச்சான்."

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கணும், கோவிச்சுக்காதீங்க. ரொம்ப நாளா யோசிச்சுக்கிட்டே கெடக்கேன். மன்னவனூர்ல மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் நான் தோட்டத்துக் கொட்டாய்ல அசந்து தூங்கிருவேன். அந்த நேரம் எவனோ டேங்க்ல கொழாய விட்டு உறிஞ்சியிருக்கான். வண்டியில கோளாறு இல்லைன்னு நீங்க அடிச்சுச் சொன்ன பெறகு, வேற என்ன இருக்கு? ஒரு வழியும் இல்லேல? அப்பத் தப்பு என் மேலதான மாப்ள? சம்பளம் வாங்கிட்டுத் தூங்குனது நாந்தான?"

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சாலையில் யாரும் இல்லை. என்னைத் தடுக்க எதுவும் இல்லை. ஒரு வாக்கியம்தான், அவ்வளவுதான் வேண்டியிருந்தது...

"அப்படித்தான் இருக்கும் மச்சான்" என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. மாதக்கணக்கில் விடை தேடியவருக்கு விடை கிடைத்துவிட்டது அல்லவா! "நெனச்சேன்... சரி, நான் போயி டீச்சரம்மாகிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டுட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு, வந்து நின்ற டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டார். நான் கை காட்டி நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

சாயங்காலம் திரும்பி வந்தார். நேராக என்னிடம்தான். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தார்.

"காலத் தொட்டுக் கேட்டேன் மாப்ள. 'போகட்டும் விடுங்க, மறந்துட்டேன்'னுட்டாக. மனசு லேசாயிருச்சு."

நான் ஏதோ ஒரு காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். அதில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. அவர் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றுவிட்டுப் போனார். இதை எழுதுகிற இன்றுவரை அவரிடம் நான் சொல்லவில்லை.